குடைப் படம் போட்ட ஆணி

மஞ்சக்காட்டுப்புதூரில் பிள்ளைகள் தங்கள் அழுகையைக் கழற்றி ஆணியில் மாட்டத் தொடங்கியது, பால்வாடி பழைய பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு மாறிய வருடத்தில்தான். அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போலத் தாயின் முந்தானையைப் பிடித்துத் தொங்கி, வாசற்படியில் விழுந்து புரண்டு, மூக்கு ஒழுக அழுது, அழுத களைப்பில் தூங்கி, எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுது, சாயங்காலம் வரைக்கும் அழுகையை உடம்பிலேயே சுமந்துகொண்டுதான் இருந்தன. நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பிள்ளை என்றால் அழும், தாய் என்றால் திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு ஓடுவாள், இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்போம்.

பால் சொசைட்டி நொடித்து மூடிய பிறகு அந்தக் கட்டடத்தில் ஆட்டுப் புழுக்கையும் நசுங்கிய கேன்களும்தான் கிடந்தன. சுவரில் மட்டும், பால் அளக்கும் குவளைகளைத் தொங்கவிடுவதற்காக எப்போதோ அடித்த வளைந்த ஆணிகள், துரு ஏறாமல் வரிசையாக நின்றன. மாற்றலாகி வந்த சம்பூர்ணம் டீச்சர் கதவைத் திறந்ததும் முதலில் செய்த காரியம், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்காலில் நின்றதுதான். நின்றவர் அப்படியே அறையைச் சுற்றி வந்தார். எங்கள் எல்லோருக்கும் மேலே ஒரு தலை உயரம் இருக்கிற பெண்பிள்ளை, முழங்காலாலேயே நகர்ந்து நகர்ந்து, இங்கே நின்று மேலே பார்த்து, அங்கே நின்று கீழே பார்த்து, கதவைப் பார்த்து, சன்னலைப் பார்த்து வந்ததைக் கண்டு, டீச்சருக்கு எந்தச் சாமிக்கு என்ன வேண்டுதலோ என்று நாங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"சிரிக்காதீங்க. நீங்களும் வந்து முட்டி போட்டுப் பாருங்க," என்றார் டீச்சர். "இந்த ரூம்ல இருக்கப்போறவங்க எல்லாரும் இந்த ஒசரந்தான்."

பிறகு வேலை தொடங்கியது. உத்தரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பழப் படங்களும் பறவைப் படங்களும் பிள்ளைகளின் மூக்குக்கு நேராக இறங்கி வந்தன, சுவரின் அடிப்பக்கம் முழுக்கக் கரும்பலகைச் சாயம் பூசியதில் யாரும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து கிறுக்கலாம் என்று ஆனது. மரக்கட்டைகள் ஆள் நடமாடாத மூலைக்குப் போயின, ஏனென்றால் கட்டிய கோபுரத்தை ஒருவன் ஓடுகிற ஓட்டத்தில் இடித்துவிட்டால் அன்றைக்கு அறையே போர்க்களமாகிவிடும். கொட்டாங்குச்சியும் பழைய கரண்டியும் பொம்மைச் சமையலுக்காகச் சன்னலோரம் வந்தன, மத்தியானத் தூக்கத்துக்கான பாய்கள் மின்விசிறியின் காற்று சேரும் பக்கம் அடுக்கப்பட்டன, ஒரு மூலையில் பழைய புடவையைக் கூடாரமாகக் கட்டி, தனியாக இருக்கப் பிடிக்கிற பிள்ளைக்கு அது என்று டீச்சர் ஒதுக்கினார். ஆசாரி பழனிச்சாமி வந்து ஆணிகளையெல்லாம் பிடுங்கி, பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் மறுபடி அடித்தார்.

எழுத்துத் தெரியாத பிள்ளைக்குத் தன் ஆணி எது என்று தெரிய வேண்டுமே. அதற்காக டீச்சர் ஒவ்வொரு ஆணிக்கு மேலும் ஒரு படம் வரைந்தார், அதே படத்தை அந்தப் பிள்ளையின் தட்டிலும் டம்ளரிலும் பாயின் ஓரத்திலும் போட்டார். ஊரில் முதல் வயிற்றெரிச்சல் அங்கேதான் கிளம்பியது. வசந்தாமணியின் பையன் ரித்தீஷுக்கு யானை கிடைத்ததும், "அவ பையனுக்கு ஆனை, என்ற புள்ளைக்கு மட்டும் பூட்டா? நாங்கென்ன வரி குடுக்கலியா?" என்று ஒருத்தி சண்டைக்குப் போனாள். காக்காய் கிடைத்தவள் மயில் கேட்டாள், மயில் கிடைத்தவள் அதற்குத் தோகை சின்னதாக இருக்கிறது என்றாள். துளசிமணியின் மகள் தன்ஷிகாவுக்குக் குடை விழுந்தது, மடக்காத, விரித்த குடை. துளசிமணி மில்லில் ஷிப்டில் இருந்ததால் சண்டைக்கு வர முடியவில்லை.

பள்ளி திறந்த அன்று முதலில் வந்தவன் ரித்தீஷ்தான். வருகிறபோதே மாரியம்மன் கோயில் திருப்பத்திலிருந்து அவன் சத்தம் கேட்டது. டீச்சர் வாசலில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, எல்லாப் பிள்ளைக்கும் சொல்லப்போகிற மாதிரி வரிசையாகச் சொன்னார்: "செருப்பை இங்க விடு கண்ணு. பையை ஆனைகிட்ட மாட்டு. அழுகையையும் அங்கயே மாட்டு. சாயங்காலம் அம்மா வந்ததும் எடுத்துக்கலாம்." பிள்ளைகள் வரிசையாகச் சொன்னால் வரிசையாகச் செய்வார்கள். ரித்தீஷ் செருப்பை விட்டான், பையை மாட்டினான், பிறகு இரண்டு கையாலும் கழுத்தைச் சுற்றித் துழாவி, தோளிலிருந்து அழுகையை உருவி ஆணியில் மாட்டிவிட்டு, கட்டைகள் இருக்கிற மூலைக்குப் போய்விட்டான். பின்னால் வந்த பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். ஒருவர் செருப்பை எங்கே விட்டாரோ அங்கேதானே எல்லோரும் விடுவோம்.

பார்ப்பதற்கு அது பிழியாத துண்டு போல இருந்தது. நிறம் கிடையாது, பின்னாலிருக்கிற சுவர் தெரியும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், நுனியிலிருந்து சொட்டும், காதை வைத்தால் உள்ளே "ம்மா, ம்மா" என்று வெகு தூரத்தில் கூப்பிடுகிற மாதிரி கேட்கும். ஆயா ராசம்மா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே வார்த்தை, "இதுக்கு ஆரு கீழ தொடைக்கறது?" என்பதுதான். மறுநாள் ஆணிகளுக்குக் கீழே பிளாஸ்டிக் பேசின்கள் வந்தன. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி அம்மாள் பேசின்களைப் பார்த்து, மேலே தளத்தைப் பார்த்து, கட்டடம் ஒழுகுகிறது, தார் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சத்துமாவு உருண்டையில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு போனார். டீக்கடையில் ஆண்கள் இரண்டு வாரம் இதையே பேசினார்கள், பிறகு கொப்பரை விலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

நாங்கள் திரும்பவில்லை. ஏனென்றால் சாயங்காலம் தாய் வந்து வாசலில் நின்றதும், பிள்ளை ஓடிப்போய்த் தன் ஆணியிலிருந்து அழுகையை எடுத்துக்கொண்டு வந்து, தாய் குனிந்ததும் அவள் தோளில் போட்டது. மேடையில் பொன்னாடை போடுகிற மாதிரி போட்டது. அதைப் போட்டுக்கொண்டு நாங்கள் வீட்டுக்கு நடந்தோம், வீடு போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்து காணாமல் போய்விடும், ஆனால் பால்வாடியிலிருந்து வீடு வரைக்கும் தெருவில் நடக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் எவள் தோள் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று ஊரே பார்த்தது. இத்தனை நாள் பிள்ளைக்கு யார் மேல் எவ்வளவு பாசம் என்பதை வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், அதில் பொய் சொல்லவும் வழி இருந்தது. இப்போது அது நீளமும் அகலமுமாகத் தொங்கியது.

ரித்தீஷின் அழுகை வசந்தாமணிக்கு முழங்கால் வரை வந்தது. அவள் நேர் வழியில் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டுக் கோயிலைச் சுற்றி, ரேஷன் கடையைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி வழியாகத்தான் போனாள். "தோளே கழண்டு போகுது போ" என்று எல்லோரிடமும் அலுத்துக்கொண்டாள். எங்களுக்கு வயிறு எரிந்தது. மாமியார்கள் வாசலில் உட்கார்ந்து மருமகள்களின் தோளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். காலையில் பிள்ளையை விடும்போது கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, திரும்பி வந்து மறுபடி கொடுத்து, அழுகையை வளர்த்தார்கள் சிலர். காக்காய்ப் படத்துக்காரி ஒருபடி மேலே போய், "அம்மா இனி வரவே மாட்டேன்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போக, அந்த அழுகை கெட்டியாகி, காயாமல், அவள் தோளிலேயே மூன்று நாள் ஒட்டிக்கொண்டு உப்புப் பூத்தது. டீச்சர் அவளைப் பேசின பேச்சில் பேசின் தண்ணீர் தளும்பியது.

இப்படி ஊரே ஒருத்தி தோளை ஒருத்தி அளந்துகொண்டிருந்த நாளில், துளசிமணியின் தோள் மட்டும் உலர்ந்தே இருந்தது.

துளசிமணி நூல் மில்லில் வேலை பார்த்தாள். விடியும் முன்னே மில் வேன் வந்துவிடும். மகள் தூங்கும்போதே கதவுக்குப் பின்னாலிருக்கிற ஆணியிலிருந்து நீலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பால்வாடியில் விடுவது அவள் புருஷன் சதாசிவம். அவர் லோடு ஆட்டோ ஓட்டினார், போகிற வழியில் இறக்கிவிட்டால் தன்ஷிகா அப்பாவுக்கு டாட்டா காட்டிவிட்டு, செருப்பை விட்டு, பையைக் குடைக்குக் கீழே மாட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடும். குடை ஆணியில் பை மட்டும்தான் தொங்கியது. அதற்குக் கீழே பேசின்கூடத் தேவைப்படவில்லை.

ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கி, தலையில் பஞ்சுத் தூசியோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் துளசிமணி தினமும் பால்வாடி வாசலுக்கு ஓடி வந்தாள். மற்ற பிள்ளைகள் அழுகையை எடுக்கச் சுவருக்கு ஓடினார்கள், தன்ஷிகா பையை எடுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் ஓடி வந்தது. "இன்னைக்கி உருளைக்கிழங்கும்மா" என்றது. ஒரு தாய்க்கு இது போதாதா என்றால், தனியாக இருந்தால் போதும், பக்கத்தில் முழங்கால் வரை நனைந்து ஒருத்தி நிற்கும்போது போதாது.

"ஏந் துளசி, இன்னைக்கும் ஒண்ணுமில்லையாட்ட?" என்று வசந்தாமணி கேட்பாள். "குடுத்து வெச்சவ நீயி. நானெல்லாம் இதைச் சுமந்துட்டுப் போய்ச் சேரணும்."

"உங்களுக்கென்னங்கக்கா, ஊட்லயே இருக்கறவீங்க. புள்ளைய மடியில வெச்சுட்டே கெடக்கலாம்," என்பாள் துளசிமணி. சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்தே பொசுங்கிக்கொண்டு போவாள்.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒரு நாள் மில் குழாயில் கோட்டின் தோளை நனைத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் சில்லென்று இருந்ததால் ராசம்மா தொட்ட உடனே கண்டுபிடித்துவிட்டாள், ஊர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. ஒரு நாள் டீச்சரிடமே போய், "டீச்சர், அந்த ஆணி சரியில்லைங்களா? வேற ஆணி மாத்திக் குடுங்களேன். குடை வேண்டாம், ஆனை மாதிரி ஏதாவது பெருசா," என்றாள்.

"ஆணியெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. பிள்ளை சிரிச்சுக்கிட்டே வருது, தட்டைக் காலி பண்ணுது, எல்லாரோடவும் விளையாடுது. அழுகலைன்னு ஒரு தாய் வந்து முறையிடறதை இப்பதான் பார்க்கறேன்."

"அழுகாட்டிப் பரவால்லைங்க டீச்சர்," என்றாள் துளசிமணி. "என்னைத் தேடுதா இல்லையான்னுதாங்க தெரியோணும்."

வீட்டுக்குப் போனால் அங்கே அவள் எரிச்சலுக்கெல்லாம் சதாசிவம்தான் அகப்பட்டார். அரிசி டின்னை யார் தினமும் கதவுக்குப் பின்னால் இழுத்துப் போடுவது, வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கக் கூடாதா என்று கத்துவாள். விடியற்காலையில் கோட்டைப் போடும்போது தோளும் முதுகும் நசநசவென்று இருக்கும், சுவரில் ஓதம் இறங்குகிறது, வீட்டு ஓனரிடம் சொல்லிப் பூசித் தர வக்கில்லை என்று அதற்கும் ஒரு பாட்டு விழும். "சொல்லித்தான் இருக்கேன் புள்ள, தீவாளிக்குப் பூசறேங்கறாரு" என்று அவர் வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

அவளுக்கு மில் லீவு விட்ட நாளில்தான் அது நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் படம் போட்ட பாய்களில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பின்கட்டில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார், ராசம்மா கதவில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்திருந்தாள். துளசிமணி உள்ளே வந்தாள். பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதென்று முழங்காலாலேயே நகர்ந்தாள். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது, படங்கள் எல்லாம் முகத்துக்கு நேராக, பிரியமாக இருந்தன, சன்னலோரக் கொட்டாங்குச்சிகள் கைக்கெட்டின, கதவு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அறையில் எல்லாவற்றையும்விடப் பெரியது அம்மா போகிற கதவுதான் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. தோன்றியும் அவள் நிற்கவில்லை. பொறாமை பிடித்தவள் பாதியில் எங்கே நிற்கிறாள்?

யானை ஆணியில் ரித்தீஷின் அழுகை பேசினைத் தொட்டுத் தொங்கியது. மில்லில் நூல் வெட்டுகிற குட்டைக் கத்தரியை இடுப்பிலிருந்து எடுத்தாள். இவ்வளவு நீளம் இருக்கிறதே, பாதி போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். நடுவில் வெட்டி, கீழ்ப்பாதியைக் கொண்டுபோய்க் குடைக்குக் கீழே மாட்டினாள்.

சாயங்காலம் தன்ஷிகா குடை ஆணியைப் பார்த்துத் திகைத்து நின்றது. "இது என்றது இல்லம்மா," என்றது. "உன்றதுதான் சாமி, போடு, சீக்கிரம் போடு" என்று துளசிமணி குனிந்தாள், பிள்ளை அதைத் தொடாததால் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அன்று அவள் கோயிலைச் சுற்றி, ரேஷன் கடையைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டி வழியாகத்தான் வீட்டுக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தொட்டும் பார்த்தோம், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. "பரவால்லையே துளசி" என்றோம், உள்ளுக்குள் கொஞ்சம் கடுத்தது. அவள் கழுத்து அன்றைக்கு வளர்ந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்குப் போயும் அது காயவில்லை. விளக்குப் போட்டாள், பால் காய்ச்சினாள், அப்போதும் சொட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளைக்கு டம்ளரைக் கொடுக்கக் குனிந்தபோது தோளிலிருந்து நழுவிப் பிள்ளை மேல் விழுந்தது. விழுந்ததும் தன்ஷிகா அழுதது. மூச்சை உள்ளே இழுத்து, நிறுத்தி, விக்கி, பிறகு ஒரேயடியாக விடுகிற அழுகை. அது தன்ஷிகாவின் அழுகை இல்லை, மாரியம்மன் கோயில் திருப்பத்திலிருந்து ஊருக்கே பழகிய ரித்தீஷின் அழுகை.

"அம்மாகிட்டப் போவோணும்!"

"நாந்தான்டி அம்மா. இங்க பாரு கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன்."

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது, தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தது, அவள் கையைத் தட்டிவிட்டு, "என்ற அம்மா! என்ற அம்மா!" என்று வாசலைக் காட்டியது. துளசிமணி பாலைக் காட்டினாள், பொம்மையைக் காட்டினாள், அழுகையைப் பிடுங்கி எறியப் பார்த்தாள், அது பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு வர மறுத்தது. சதாசிவம் வந்து தூக்கினால் அவரிடமும் நிற்கவில்லை. கடைசியில் அவள் துள்ளுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தலைமுடி அவிழ, தெருவில் ஓடினாள். யார் வீட்டுக்கு என்று பிள்ளையே வழி காட்டியது.

வசந்தாமணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தன்ஷிகா அம்மா இடுப்பிலிருந்து பாய்ந்து, வசந்தாமணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்ததும் அழுகை நின்றது. அந்த இடத்தில் துளசிமணிக்கு இருந்ததைப் பொறாமை என்று சொன்னால் போதாது. அத்தனை நாள் அவளை எரித்ததெல்லாம் விறகு, இது கொள்ளி. அவள் பெற்ற பிள்ளை அவள் கண் முன்னாலேயே இன்னொருத்தி மார்பில் சமாதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் வசந்தாமணியின் முகத்தில் பெருமை இல்லை. கண் வீங்கியிருந்தது.

"ஏந் துளசி, உம்புள்ள ஏன் எங்கிட்ட வருது?" என்றாள். "என்ற பையன் எங்கிட்ட வர மாட்டேங்கறானே! சாயங்காலம் இத்துனூண்டு கொண்டாந்து போட்டான். அப்பறம் ஊட்டுக்கு வந்து அவம்பாட்டுக்குச் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான். சோறு ஊட்டப் போனா, 'அக்கா, வேண்டாங்க்கா'ங்கறான். என்னை அக்காங்கறான் துளசி! அந்தப் பாழாப்போன அழுகைய வெச்சுட்டு நான் ஊரெல்லாம் ஆடுனேனே, அதுக்குத்தான் இப்பிடியா?"

உள்ளே ரித்தீஷ், விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

துளசிமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தாங்க்கா வெட்டுனேன்," என்றாள்.

வசந்தாமணி அவளை அறைவாள் என்றுதான் தெருவே நினைத்தது. அதற்குள் தெரு முழுக்க அங்கே கூடிவிட்டது. அவள் அறையத்தான் கையை ஓங்கினாள், ஓங்கிய கையில் தன்ஷிகா தொங்கிக்கொண்டிருந்ததால் முடியவில்லை. "நாசமாப் போனவளே, புள்ளையப் போய்ப் பாதியாப் பண்ணிட்டியேடி!" என்று திட்டினாள், நாங்கள் இதுவரை கேட்டிராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள். துளசிமணி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"திட்டுங்க. ஆனா அந்தப் பாதியக் கொண்டாங்க மொதல்ல," என்றாள்.

மேல்பாதி வசந்தாமணி வீட்டுக் கொடியில் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதியைப் பிள்ளையின் கழுத்திலிருந்து வசந்தாமணிதான் எடுத்தாள். அவள் கை பட்டதும் தானாக வந்தது. துளசிமணி இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, அறுந்த நூலை மில்லில் நாள் முழுக்கப் பிணைக்கிற விரல்களால், ஓடுகிற இயந்திரம் நிற்காமல் ஓடும்போதே பிணைக்கிற அந்த விரல்களால், இழை இழையாகப் பிரித்து, ஒன்றோடு ஒன்றை வைத்து முறுக்கினாள். முறுக்கும்போது ஒவ்வொரு இழையும் "ம்மா" என்றது, ஒன்றுகூட அவளைக் கூப்பிடவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பிணைத்து முடித்தாள். ரித்தீஷின் தோளில் போட்டதும் அவன் உதடு பிதுங்கியது, "அம்மா" என்று ஊரதிர அழுதபடி வசந்தாமணி மேல் விழுந்தான். அவ்வளவு சந்தோஷமான அழுகையை நாங்கள் கேட்டதில்லை. தன்ஷிகா இறங்கி வந்து, எதுவும் நடக்காத மாதிரி, "ஊட்டுக்குப் போலாமாம்மா?" என்றது. அதன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. துளசிமணி உலர்ந்த தோளில் உலர்ந்த பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

மறுநாள் விடியும் முன்னே அவள் வழக்கம் போல எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, தூங்குகிற மகளை ஒரு முறை பார்த்துவிட்டு வேனுக்குப் போனாள். வேன் வந்து நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது, பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள், எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பினார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் அவள் படியில் வைத்த காலை எடுத்துவிட்டாள். "நீங்க போங்கண்ணா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, நன்றாக வெளுத்த பிறகு வீட்டுக்கு வந்தாள். இதையெல்லாம் பின்னால் அவளே எங்களிடம் சொன்னாள்.

வாசலில் சதாசிவம் வண்டிச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது, உள்ளே எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. அரிசி டின். இன்றைக்கு ஆளைப் பிடித்துவிட்டேன் என்று அவள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

தன்ஷிகா, தூங்கி எழுந்த கோலத்தில், தலை கலைந்து, அரிசி டின்னைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஏறி நின்று, கோட்டு இல்லாத ஆணியைக் கையால் தடவிப் பார்த்தது. பிறகு முகம் கோணியது. சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைச் சுற்றித் துழாவி, தோளிலிருந்து அழுகையை உருவியது. ரித்தீஷுடையது இதன் முன்னால் வெறும் கைக்குட்டை. உருவ உருவ வந்துகொண்டே இருந்தது, டின்னைத் தாண்டி, தரையில் விழுந்து, மடிந்து கிடந்தது. அவ்வளவையும் அள்ளிச் சேர்த்து, எக்கி, கோட்டு மாட்டுகிற ஆணியில் பத்திரமாக மாட்டியது. ஆணிக்குக் கீழே சுவரில் கரித்துண்டால் கோணல்மாணலாக ஒரு குடை வரைந்திருந்தது. அத்தனை நாளும் அந்தக் குடையைக் கதவுக்குப் பின்னாலிருந்த இருட்டும் துளசிமணியின் கோட்டும்தான் மறைத்துக்கொண்டிருந்தன.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பிள்ளை திருடி அகப்பட்ட மாதிரி டின்னிலிருந்து இறங்கியது.

"இதை ஏஞ்சாமி பால்வாடியில மாட்டறதில்ல?"

"அங்க நீ வர்றதில்லையே," என்றது தன்ஷிகா. "நீ இங்கிருந்துதான போறே."

"அப்ப சாயங்காலம் அம்மா வந்ததும் எடுத்துக் குடுக்கறதுக்கென்ன? எல்லாரும் குடுக்கறாங்கல்ல? அம்மா எத்தனை நாள் கேட்டிருக்கேன்?"

பிள்ளைக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை. அது அம்மாவின் கோட்டைப் பார்த்தது. "நீதான் தெனமும் போட்டுட்டுப் போறியே," என்றது.

ஒவ்வொரு ராத்திரியும் கோட்டைக் கழற்றி அந்த அழுகையின் மேலேதான் அவள் மாட்டியிருந்தாள். துளசிமணி தோளைத் தொட்டுப் பார்த்தாள். கோட்டு நசநசவென்று, வெதுவெதுப்பாக இருந்தது.

அன்று அவள் ஒன்பது மணிப் பேருந்தில் மில்லுக்குப் போனாள். தெரு வழியாகத்தான் போனாள், கோயிலைச் சுற்றவில்லை, நேர் வழியில் போனாள். காலை வெயிலில், எங்கள் பிள்ளைகள் எல்லாம் பால்வாடி வாசலில் செருப்பை விட்டு, பையை மாட்டி, அழுகையை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் நீலக் கோட்டின் முதுகு கழுத்திலிருந்து ஓரம் வரை நனைந்து கறுத்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ராசம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். வசந்தாமணி பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்களுடையதெல்லாம் வீடு போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும். அவளுடையது ஷிப்ட் முடிகிற வரை காயாது. அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் இன்றுவரை எங்களுக்கு அடங்கவில்லை.